ஹீராவும் பாளையமும்: ஒரு சனிக்கிழமை வரலாற்று வகுப்பைப் பற்றிய மதிப்புரை

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறிய வாசிப்பு மையம், சென்ற ஆண்டு கார்த்திகை தொடங்கித் தை வரை எட்டுச் சனிக்கிழமை மாலைகளில், இஸ்லாத்துக்கு முந்தைய அரபு அரசுகளையும் அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட ரோம், பாரசீகம் என்ற இரு பேரரசுகளையும் பற்றி ஒரு கட்டண வகுப்பை நடத்தியது. கட்டணம் 1,200 ரூபாய். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். நான் எட்டு வகுப்புக்கும் தவறாமல் சென்றேன். அதே வகுப்பை மறுபடியும் நடத்தப்போவதாக இப்போது அறிவித்திருக்கிறார்கள். சேரலாமா, செலவழிக்கும் பணத்துக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட விரிவாக ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. சேரலாம் என்பதே என் பதில். ஆனால் சில குறைகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் அடுத்து வருகிறவர்களும் அதே இடங்களில் திணறுவார்கள்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்தவள். அத்தனை ஆண்டுகளிலும் ஆறாம் நூற்றாண்டு அரேபியாவை நான் அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறேன்: பாலைவனம், ஒட்டகம், ஓயாத இனக்குழுச் சண்டை, அதன்பின் நபிகளின் பிறப்பு. வடக்கே ரோமானியர்களும் பாரசீகர்களும் இருந்தார்கள் என்பதை வேறொரு பாடத்தில் சொல்வோம். இரண்டு பாடங்களுக்கும் நடுவில் இருந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் ஆண்டார்கள் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. முதல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ரோமானியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு ஒரு புள்ளியும் டைகிரிஸ் கரையிலுள்ள பாரசீகத் தலைநகர் டெசிபோனுக்கு ஒரு புள்ளியும் வைத்து, இடையில் பரந்து கிடந்த வெற்றிடத்தைக் காட்டி, "இந்த எட்டு வாரமும் நாம் இங்கேதான் இருக்கப் போகிறோம்" என்றபோது, என் 31 ஆண்டுப் பாடக்குறிப்பில் விடுபட்டுப்போன இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

வகுப்பை நடத்தியவர் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். நிதானமாகப் பேசுவார், அரபுப் பெயர்களையும் கிரேக்கப் பெயர்களையும் எழுதிக் காட்டாமல் நகரமாட்டார். முதல் வகுப்பில் அவர் இட்ட அடித்தளம் மிக நன்றாக இருந்தது. பேரரசுகளுக்கு நடுவில் முதலில் தனி அரசுகள் இருந்தன. பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட நபாத்திய அரசை 106-இல் ரோம் தன் மாகாணமாக ஆக்கிக்கொண்டது. ஹத்ரா நகரத்தை மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரசீகத்தை ஆண்ட சாசானியர் அழித்தனர். ஸெனோபியா அரசியின் பல்மைரா 272-இல் ரோமானியரிடம் வீழ்ந்தது. இடையில் நின்றவர்களையெல்லாம் விழுங்கிய பிறகுதான் இடையில் ஓர் ஆள் வேண்டும் என்பது இரு பேரரசுகளுக்கும் உறைத்தது. ஏனென்றால் சிரியப் பாலைவனத்தில் கோட்டைகளை மட்டும் கட்டி எல்லையைக் காத்துவிட முடியாது, எந்த மாதத்தில் எந்தக் கிணற்றில் நீர் இருக்கும், எந்தக் கூட்டம் எந்த வழியாக வரும் என்று அறிந்தவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். பின்னால் ரோமின் பக்கம் நின்ற கஸ்ஸான், பாரசீகத்தின் பக்கம் நின்ற லக்ம் என்ற அரபு அரசுகளின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே வகுப்பில் நமாரா கல்வெட்டின் படத்தைத் திரையில் காட்டினார். தென் சிரியாவில் 1901-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில், 328-இல் இறந்த இம்ருல் கைஸ் என்பவர் "அரபுகள் அனைவரின் அரசர்" என்று குறிக்கப்படுகிறார். எழுத்து நபாத்திய எழுத்து, மொழி அரபு. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, சீவலப்பேரி அருகே மறுகால்தலையில் பாறையில் வெட்டியிருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டை நினைவூட்டினார். வேறொரு மரபிலிருந்து வந்த எழுத்தில் தம் மொழியை எழுதத் தொடங்கிய மக்களை நாமும் அறிவோம் என்பதால், அரபு மொழி கல்லில் ஏறும் அந்தக் கணம் எங்கள் யாருக்கும் அந்நியமாக இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்து இந்த வரலாற்றைப் படிப்பதால் கிடைக்கும் பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பு, எங்கள் ஊர்ப் பெயரையே எனக்குப் புதிதாக்கியது. பாரசீகர் பக்கம் நின்ற லக்ம் மன்னர்களின் தலைநகர் ஹீரா. இன்றைய இராக்கில் நஜஃப், கூஃபா நகரங்களை ஒட்டிய இடம். அந்தப் பெயர் சிரியாக் மொழியில் படைமுகாமைக் குறிக்கும் 'ஹீர்த்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது. முகாமுக்குத் தமிழில் என்ன சொல் என்று ஆசிரியர் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், "பாளையம்" என்றார். பாளையங்கோட்டையில் வாழ்ந்துகொண்டு, பாளையம் என்றால் படை இறங்கிய இடம் என்பதை வகுப்பறையில் நூறு முறை சொல்லிக்கொடுத்த எனக்கு, தொலைதூரத்து நகரம் ஒன்று அதே பொருள் கொண்ட பெயரைத் தாங்கி நின்றது என்பது பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. முகாமாகத் தொடங்கிய ஹீரா பின்னாளில் தேவாலயங்களும் மடங்களும் அரண்மனைகளும் புலவர்கள் வந்து நிற்கும் அவையும் கொண்ட நகரமாயிற்று. சாசானிய மன்னர் முதலாம் யஸ்தகிர்து தம் மகன் பஹ்ராமை வளர்க்க அங்கே அனுப்பினார்; தந்தை இறந்தபின் அரியணைப் போட்டி எழுந்தபோது, ஹீராவின் அரபுப் படை துணைக்கு வந்ததால்தான் அந்தப் பஹ்ராம் பாரசீகத்தின் பேரரசர் ஆனார். காவலுக்கு வைத்தவரின் தயவில் வீட்டுக்காரர் அரியணை ஏறுவதென்றால், யார் யாரைச் சார்ந்து இருந்தார்கள் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

இந்தச் சொல் ஒப்புமையிலிருந்து ஆசிரியர் நேராகப் பாளையக்காரர் ஒப்புமைக்குச் சென்றார். வகுப்பின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் இதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்க்காட்டு நவாபும் கம்பெனியும் மோதிய, பின் சேர்ந்துகொண்ட காலத்தில் நம் பகுதிப் பாளையக்காரர்கள் எப்படி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நெற்கட்டுஞ்செவலின் பூலித்தேவர் எதிர்த்தார். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. பக்கத்துப் பாளையத்தோடு உள்ள பழைய பகையே சில வேளைகளில் எந்தப் பேரரசின் பக்கம் நிற்பது என்பதைத் தீர்மானித்தது. இந்த அளவுக்கு ஒப்புமை சரியாகப் பொருந்துகிறது. கஸ்ஸானுக்கும் லக்முக்கும் இருந்த பகை, ரோமுக்கும் பாரசீகத்துக்கும் இருந்த பகையின் நிழல் மட்டும் அன்று, அதற்குத் தனி வேர் இருந்தது என்பதை இந்த ஒப்புமையால்தான் முன்வரிசையில் இருந்த பள்ளி மாணவர்களும் உடனே புரிந்துகொண்டார்கள்.

பொருந்தாத இடம் பணம் செல்லும் திசை. பாளையக்காரர் தம் கிராமங்களில் வசூலித்து மேலே கிஸ்தி கட்டியவர். கட்டாவிட்டால் படை வந்தது. கஸ்ஸானியத் தலைவரோ மேலிருந்து பொன்னும் தானியமும் பட்டங்களும் பெற்றவர். தராவிட்டால் அவர் எல்லையை விட்டு விலகிப் போய்விடுவார். அதனால் வரும் சேதம் பேரரசுக்கு. ஒருவரிடம் வாங்குவதும் ஒருவருக்குக் கொடுப்பதும் ஒரே உறவு ஆகாது. பாளையக்காரருக்கு எல்லைக்கல் போட்ட நிலம் இருந்தது. கஸ்ஸானியருக்குக் கோலான் மேட்டில் ஜாபியா என்ற பெரிய முகாம் இருந்ததே தவிர, இன்ன கிராமம் முதல் இன்ன கிராமம் வரை என்று கோடு போட்ட நாடு இல்லை. அவர்களின் ஆட்சி மனிதர்கள்மேல் இருந்தது. நான்காம் வகுப்பில் எழுந்து இதைச் சொன்னேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டு, ஒப்புமையைத் தாம் அளவுக்கு மேல் நீட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் கஸ்ஸான், லக்ம் என்ற இனக்குழுப் பெயர்களுக்குப் பதிலாக ஜஃப்னா குடி, நஸ்ர் குடி என்ற ஆளும் குடும்பப் பெயர்களை ஆய்வாளர்கள் இன்று ஏன் விரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்து விளக்கினார். பெரிய பேரரசு ஓர் இனக்குழு முழுவதையும் விலைக்கு வாங்கியதாகப் பழைய பெயர்கள் எண்ண வைக்கின்றன. ஒரு குடும்பத்தை உயர்த்தி, அதன் கீழ் பல இனக்குழுக்களைக் கொண்டுவர முயன்றதே உண்மையில் நடந்தது. கேள்வி கேட்டவரைப் பகைத்துக்கொள்ளாத ஆசிரியர் என்பதையும் இதில் நீங்கள் கவனிக்கலாம்.

மூன்றாம் வகுப்பில் ஸ்ட்ராட்டா வழக்கு வந்தது. எட்டு வகுப்புகளில் மறக்க முடியாதது இதுதான். 539-இல் கஸ்ஸானிய ஹாரிஸ் பின் ஜபலாவுக்கும் ஹீராவின் மூன்றாம் முன்திருக்கும் பல்மைராவின் தெற்கே உள்ள ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பற்றித் தகராறு எழுந்தது. மரமோ பயிரோ விளையாத வெயில் காய்ந்த மண். ஆடுகள் மேய மட்டுமே உதவும். அந்த இடத்தின் பெயரே ஸ்ட்ராட்டா, லத்தீனில் அதற்குக் கல் பாவிய சாலை என்று பொருள், ஆகவே அது ரோமானியருடையது என்பது ஹாரிஸின் வாதம். மிக முதியவர்களின் சாட்சியத்தையும் அவர் துணைக்கு அழைத்தார். பெயரைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அங்கே மேய்த்தவர்கள் நெடுங்காலமாக எனக்குத்தான் மேய்ச்சல் கூலி கட்டி வந்திருக்கிறார்கள் என்பது முன்திரின் வாதம். பேரரசர் ஜஸ்டினியன் இருவரை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோ, இந்த விசாரணையின்போது முன்திரை விலைக்கு வாங்க ரோமானியர் முயன்றதாகக் குற்றம் சாட்டி, 532-இல் 'என்றென்றைக்கும்' என்று செய்துகொண்ட அமைதியை முறித்து, 540-இல் சிரியாவுக்குள் நுழைந்து அந்தியோக்கியா நகரத்தை எரித்தார்.

இதைக் கேட்டு வகுப்பில் எழுந்த விவாதத்தை விரிவாக எழுதவே விரும்புகிறேன். நாங்குநேரிப் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிடை போடும் குடும்பம். பிசான அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டைக் கிடை மறிப்பதும், ஒவ்வொரு வயல்காரரிடமும் என்ன பேசிக்கொள்வதென்பதும், கோடையில் எந்த மலையடிவாரத்துக்கு ஆட்டைப் பத்துவது என்பதும் அவருக்கு மனப்பாடம். அவர் சற்றும் தயங்காமல் முன்திரின் பக்கம் நின்றார். "ஊர் பேரை யாரு வேணும்னாலும் வைக்கலாம் சார், ஆனா மேய்ச்சலுக்கு யார் கையில துட்டு கொடுத்து வந்தோமோ அவங்களுக்குத்தான் நிலம்" என்றார். நான் எதிர்ப்பக்கம் பேசினேன். சேரன்மகாதேவி, வீரகேரளம்புதூர் என்ற பெயர்களை வைத்துக்கொண்டுதானே யார் எங்கே ஆண்டார்கள் என்று நாம் பேசுகிறோம், பெயர் சாட்சியாகாது என்றால் நம் வரலாற்றில் பாதி போய்விடும் என்றேன். அரைமணி நேரம் இந்த வாதம் நடந்தது. பேரரசுகள் சண்டையிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று மட்டும் கற்பித்திருந்தால் ஒரே வரியில் அந்த நிகழ்ச்சி முடிந்திருக்கும்; மாறாக, ஆடு வைத்திருந்த இரண்டு கூட்டத்தாருக்கு அந்த மண் உண்மையாகவே தேவைப்பட்டது, அவர்கள் கையில் உண்மையான வாதங்கள் இருந்தன, பெரிய போர் அவர்களுடைய சிறிய வழக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பது எங்களுக்குப் புரிந்தது.

சான்றுகளை எடைபோடக் கற்றுக்கொடுப்பதிலும் வகுப்பு சிறந்து நின்றது. ஜஸ்டினியன் ஹாரிஸை உயர்த்தி, பல இனக்குழுக்களை அவர் கீழ் வைத்து, ரோமானியர் அதுவரை யாருக்கும் தராத அரசர் என்ற தகுதியைத் தந்ததாக எழுதியவர் அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோபியஸ். 531-இல் யூப்ரடீஸ் கரையில் காலினிக்கம் போரில் ரோமானியப் படை தோற்றபோது ஹாரிஸின் அரபுகள் காட்டிக்கொடுத்ததாகக் குறிப்பாகச் சொன்னவரும் அவரே. அவர் அந்தப் படையின் தளபதி பெலிசாரியஸிடம் செயலராக இருந்தவர் என்பதை ஆசிரியர் முதலில் சொல்லாமல், பத்தியைப் படிக்க வைத்து, எங்களை நம்ப வைத்து, அதன்பின் சொன்னார். அதே போரைப் பற்றிய இன்னொரு பதிவில் அரபுகளில் சிலர் ஓடினார்கள், ஹாரிஸ் நின்று போரிட்டார் என்று இருக்கிறது. தோற்ற தளபதியின் எழுத்தர் யார்மேல் பழி போடுவார் என்பதை என் மாணவர்களுக்கு இப்படி ஒருநாளும் காட்டியதில்லையே என்று வருந்தினேன்.

இரு மன்னர்களும் தம் பேரரசுகள் ஓய்ந்திருந்தபோதும் ஓயவில்லை. 545-இல் ரோமும் பாரசீகமும் சண்டை நிறுத்தம் செய்துகொண்டன. ஆனால் அரபுகள் தமக்குள் போரிட்டார்கள், குதிரை மேய்த்துக்கொண்டிருந்த ஹாரிஸின் மகன் ஒருவனை முன்திர் பிடித்துச் சென்று தம் தெய்வம் உஸ்ஸாவுக்குப் பலியிட்டார். 554-இல் சிரியாவின் கால்கிஸ் அருகே ஹாரிஸ் முன்திரைக் கொன்றார். இதன்பின் 561-62-இல் இரு பேரரசுகளும் ஐம்பது ஆண்டு அமைதி உடன்படிக்கை செய்தபோது, இரு பக்கத்து அரபுகளும் ஒருவரையொருவர் தாக்கக் கூடாது என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. அரபு வணிகர்கள் பழக்கமில்லாத பாதைகளில் போகாமல் நிசிபிஸ், தாரா நகரங்கள் வழியாகவே வர வேண்டும் என்று இன்னொரு விதி. ஆண்டுக்கு 30,000 பொற்காசு ரோமானியர் பாரசீகத்துக்குத் தர ஒப்பினார்கள். ஐம்பது ஆண்டு என்றது பத்தே ஆண்டில், 572-இல் முறிந்தது. இந்த விதிகளைத் தமிழில் எளிமையாக எழுதிப் பக்கக் குறிப்பாகக் கொடுத்திருந்தார்கள். நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் ஹாரிஸின் மகன் முன்திரைப் பற்றியவை (ஹாரிஸ் கொன்ற ஹீராவின் முன்திர் வேறு). இந்தப் பகுதிக்காக மட்டும் 1,200 ரூபாய் கொடுக்கலாம் என்று நான் மனமாரச் சொல்வேன். கஸ்ஸானியர் கிறிஸ்தவர்கள், ஆனால் 451-இல் கால்சிடன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் வகுத்த கோட்பாட்டை ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர்கள். தம் மக்களுக்கு ஆயர்கள் இல்லை என்று ஹாரிஸ் பேரரசி தியோடோராவிடம் கேட்டுப் பெற்றார். அப்படி வந்த யாக்கோபு பரதாயின் பெயரால்தான் சிரியத் திருச்சபையினரை யாக்கோபியர் என்று பின்னாளில் அழைத்தார்கள். கேரளத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள். அந்தத் தொடர்பு ஒரு நிமிடம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எல்லையைக் காக்க வேண்டிய துணைவரும் தலைநகரமும் சமயத்தில் வேறுபட்டுவிட்டதால் ஏற்பட்ட ஐயம் அடுத்த தலைமுறையில் முற்றியது.

569-இல் தந்தைக்குப் பின் வந்த முன்திர் ஹீராவின் படைகளை வென்றார். படைக்குப் பணம் கேட்டபோது பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் சினந்து, வரவழைத்துத் தலையை வெட்டிவிடும்படி மார்சியன் என்ற தளபதிக்கு ஓர் ஓலையும், மார்சியனைப் போய்ச் சந்திக்கும்படி முன்திருக்கு ஓர் ஓலையும் எழுதினார். ஓலைகள் மாறிப்போயின. தம் தலையைக் கேட்கும் ஓலையை முன்திர் தம் கையால் பிரித்துப் படித்தார். அதன்பின் சுமார் மூன்றாண்டு அவர் ரோமுக்காக ஒரு குதிரையையும் நகர்த்தவில்லை. பாரசீகரும் அவர்களின் அரபுகளும் அந்தியோக்கியா வட்டாரம் வரை கொள்ளையிட்டார்கள். கடைசியில் ரெசாஃபாவில், பாலைவன அரபுகள் பெரிதும் போற்றிய புனித செர்ஜியஸின் கல்லறை முன்னால்தான் அவர் சமாதானத்துக்கு உடன்பட்டார். அதே ரெசாஃபாவில் அவர் பெயரின் கிரேக்க வடிவத்தில் "அலமுண்டரோஸின் நற்பேறு வெல்கிறது" என்று கிரேக்கத்தில் பொறித்த கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் படத்தை ஆசிரியர் காட்டியபோது, அரசாணையில் பெயர் தேடிக்கொண்டிருந்த ஒருவர் தம் பெயரைக் கல்லில் தாமே எழுதிக்கொண்ட பெருமிதத்தை நான் கண்டேன்.

580-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசர் திபேரியஸ் அவருக்கு முடி சூட்டினார். அடுத்த ஆண்டே தளபதி மௌரிஸோடு டெசிபோன் நோக்கிச் சென்ற படையெடுப்பு தோற்றது; பாலம் அறுக்கப்பட்டிருந்தது, திட்டம் எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, பழி முன்திர்மேல் விழுந்தது. ஹுவாரின் என்ற ஊரில் புதுத் தேவாலயத்தின் அர்ப்பணிப்பு விழாவுக்கு வரும்படி மாக்னஸ் என்ற நண்பர் அழைத்தார். முன்திர் சிறு கூட்டத்தோடு சென்றார். அங்கேயே சிறை பிடிக்கப்பட்டார். மௌரிஸ் பேரரசரானதும் சிசிலித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். மகன்கள் போஸ்ரா நகரத்தை வளைத்துத் தந்தையின் உடைமைகளைத் திரும்பக் கேட்டார்கள். மூத்த மகன் நுஃமானும் பின்னர் பிடிபட்டார். கஸ்ஸானியத் தலைமை பதினைந்து பேரிடையே சிதறியது என்று ஒரு சிரியாக் பதிவு சொல்கிறது. இந்த வகுப்பு முடிந்து இறங்கிப் பேருந்துக்காக நின்றபோது யாரும் பேசிக்கொள்ளவில்லை; விருந்துக்கு அழைத்துச் சிறை பிடிப்பது நம் சீமையின் கதைப்பாடல்களிலும் கேட்டுப் பழகிய வேதனைதான்.

ஏறக்குறைய இருபது ஆண்டில் பாரசீகமும் அதையே செய்தது. ஹீராவின் கடைசி நஸ்ர் குடி மன்னர் நுஃமானை இரண்டாம் குஸ்ரோ பிடித்துக் கொன்றார். 602 வாக்கில் அந்தக் குடியின் ஆட்சி முடிந்தது. நுஃமான் அரியணை ஏற உதவிய புலவரும் டெசிபோன் அரசவைச் செயலருமான அதீ பின் ஸைத் முன்னதாக நுஃமானின் சிறையிலேயே இறந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் பழிவாங்கல் இதில் இருந்தது என்பது அரபு மரபு. சில ஆண்டுகளில் தீ கார் என்ற இடத்தில் அரபு இனக்குழுக்கள் பாரசீகப் படையைத் தோற்கடித்தன. 633-இல் முஸ்லிம் படைத்தளபதி காலித் பின் வலீத் ஹீராவுக்கு வந்தபோது நகரம் உடன்பட்டு அடங்கியது. 636-இல் யர்மூக் போரில் முஸ்லிம் படைக்கு எதிராக ரோமானியப் பக்கம் நின்ற ஜபலா, பெயரளவில் எஞ்சியிருந்த கஸ்ஸானியர். தம் எல்லைக் காவலரைத் தாமே ஒழித்த இரு அரசுகளும் 602 முதல் 628 வரை ஒருவரையொருவர் அடித்துச் சோர்ந்ததை ஆசிரியர் ஒரே மணி நேரத்தில் சொல்லி முடித்தார், அது போதுமானதாகவும் இருந்தது. காவலர் இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்ற ஊகத்துக்கு அவர் போகவில்லை; அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

இனிக் குறைகள். ஏழாம் வகுப்பில் தென் அரேபியா முழுவதையும் திணித்துவிட்டார்கள். யூத சமயத்தைத் தழுவிய யமனின் ஹிம்யர் அரசர்கள், 523-இல் நஜ்ரானில் கிறிஸ்தவர்களைக் கொன்ற யூசுஃப் என்ற தூ நுவாஸ், 525-இல் செங்கடலைக் கடந்து வந்த, எத்தியோப்பியாவின் அக்சூம் அரசின் மன்னர் காலேப், பின்னர் ஆட்சியைப் பிடித்து 548-இல் மஃரிப் அணையைச் செப்பனிட்டுக் கல்வெட்டும் வைத்த அப்ரஹா, 570-களில் வந்திறங்கிய பாரசீகர், இவர்களுக்கெல்லாம் இரண்டு மணி நேரம் எப்படிப் போதும்? நடு அரேபியாவில் ஹிம்யரின் துணையோடு எழுந்த கிந்தா அரசுக்கு அதிலேயே பத்து நிமிடம். மேலப்பாளையத்து வீடுகளில் மக்காவை நோக்கி யானைப்படையோடு வந்த அப்ரஹாவின் பெயரைக் கேளாத குழந்தை இருக்காது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அணையைச் செப்பனிட்ட மன்னர் என்று தெரிந்துகொண்ட நான்கைந்து பேர் கேள்விகளோடு எழுந்தார்கள், நேரம் இல்லை என்று உட்கார வைக்கப்பட்டார்கள். 524-இல் ரம்லா என்ற இடத்தில், ஹீராவின் முன்திர் பிடித்துவைத்திருந்த இரண்டு ரோமானியத் தளபதிகளை மீட்க வந்த தூதர்களின் முன்னிலையிலேயே தூ நுவாஸின் கடிதம் வாசிக்கப்பட்ட நிகழ்ச்சி, யமன் முதல் யூப்ரடீஸ் வரை எல்லாம் ஒரே வலையில் இருந்ததைக் காட்டும் ஒப்பற்ற காட்சி. அதற்கு ஒரு முழு மாலை தந்திருக்க வேண்டும்.

புலவர்களை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். ஹீராவின் நுஃமானிடம் பரிசில் பெற்று, அவர் சினத்துக்கு அஞ்சிக் கஸ்ஸானியரிடம் போய்ப் பாடி, மீண்டும் நுஃமானிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடிய நாபிகாவைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் வந்தது. வேந்தருக்கும் குறுநில மன்னருக்கும் இடையில் யாழோடு நடந்த பாணர்களையும் புலவர்களையும் பள்ளியிலேயே படித்துவிட்டு வரும் தமிழருக்கு, இந்த அரசுகளின் உயிர் எங்கே இருந்தது என்பதைப் புரிய வைக்க இதைவிட நல்ல வாயில் கிடையாது. பாளையக்காரரை எட்டு வாரமும் அழைத்த ஆசிரியர், பாணரை ஒருமுறையாவது அழைத்திருக்கலாம்.

அச்சிட்ட குறிப்பேடு 64 பக்கம், தாள் நன்றாக இருக்கிறது, நிலப்படங்கள் தெளிவு. பெயர்களில்தான் குழப்பம். ஒரே மனிதர் ஒரு பக்கத்தில் முன்திர், இன்னொரு பக்கத்தில் முந்திர், மூன்றாவதில் அலமுண்டரோஸ். ஹீராவிலும் கஸ்ஸானிலும் முன்திர்கள், இரு பக்கமும் நுஃமான்கள், கல்வெட்டில் ஒரு இம்ருல் கைஸ், கிந்தாவில் புலவராக இன்னொரு இம்ருல் கைஸ். இவர்களைப் பிரித்துக்காட்டும் குடிவழிப் பட்டியல் ஒன்றுகூட இல்லை. நான் மூன்றாம் வாரம் பெரிய தாளில் நானே வரைந்து எடுத்துச் சென்றேன்; பலர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். புதிய தொகுதிக்கு அதையே அச்சிட்டுத் தருவதாக மையத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு மாடியில் நடக்கிறது. படிகள் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் கீழ்த்தளத்தில் நடத்த முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்கிறார்கள். மாலை ஐந்துக்குத் தொடக்கம் என்றால் ஐந்துக்கே தொடங்குகிறார்கள். இடைவேளையில் சுக்குக் காபியும் முறுக்கும் கட்டணத்திலேயே அடக்கம். வர முடியாத வாரத்துக்கு ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் வரும். ஆனால் கரும்பலகையில் வரைந்தவை அதில் கிடைக்காது, ஆகவே நேரில் வருவதே நல்லது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை அழைத்துவரலாம். அவர்களுக்குக் கட்டணத்தில் பாதி.

புதிய தொகுதி ஒன்பது வாரம், தென் அரேபியாவுக்கு இரண்டு மாலை என்று மாற்றியிருக்கிறார்கள். நாங்குநேரிப் பெரியவர் மறுபடியும் வருகிறார். ஸ்ட்ராட்டா வழக்கில் அவருக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு புதிய பதில் இருக்கிறது. அந்த ஒரு வகுப்புக்காவது நானும் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன்.